போனிலேயே செய்யும் பாட்டு விளம்பரம்: கிளிநொச்சியிலிருந்து என் நீண்டநாள் அனுபவம்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு நானே பாட்டு எழுதி, மெட்டமைத்து, வீட்டிலேயே பதிவு செய்து வெளியிடுகிறேன். மேலாளர் இல்லை, லேபல் இல்லை. அட்டைப்படம், அறிமுகப் பக்கம், கோயில் நோட்டீஸ், குறுங்காணொளி எல்லாவற்றையும் கன்வா என்ற வடிவமைப்புச் செயலியின் இலவசப் பதிப்பிலும் கூகுள் டிரைவிலும் வைத்துப் போனிலேயே செய்து வருகிறேன். சில வருடங்களாக இதுதான் வழி. புதுக்குடியிருப்பு, மாங்குளம் பக்கம் புதிதாகப் பாட வருகிற தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கன்வா தமிழுக்கு நன்றாக ஒத்துழைக்கிறது. கட்டமரன் போன்ற யுனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மெல்லிய எழுத்துருவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். போன் திரையில் படம் சிறிதாகும்போது மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய்விடும், பெயரே வேறாகத் தெரியும். பாடகர் பெயருக்குத் தடித்த எழுத்து, மற்றதற்குச் சாதாரண எழுத்து. எனக்கு அது போதும். பின்னணியை நீக்குவது, ஒரே வடிவமைப்பை வேறு அளவுக்கு மாற்றுவது, அச்சுக்கான சிஎம்வைகே நிறத்தில் எடுப்பது ஆகியவை கட்டணப் பதிப்பில்தான் உண்டு. அளவு மாற்றத்துக்கு நான் அட்டைப்படத்துக்கு ஒரு சதுரம், ஸ்டேட்டஸுக்கு ஒரு நெடுக்கு, அச்சுக்கு ஒரு ஏ4 என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் படத்தையும் எழுத்தையும் மாற்றினால் சரி.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சலில் இருக்கட்டும். அதில் இணைய முகவரி, தொலைபேசி எண், முகநூல் பெயர் எதையும் போடாதீர்கள், பாட்டை எடுத்துக்கொள்ளும் தளங்கள் திருப்பி அனுப்பிவிடும்.

இனி அறிமுகப் பக்கம். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், இன்னமும் செலவழிக்கிறேன். ஒரே ஏ4 பக்கம்: ஒரு படம், ஐந்தாறு வரி அறிமுகம், கேட்க வேண்டிய ஒரு பாட்டின் இணைப்பு, வட்ஸ்அப் எண். மூன்று பாட்டு இணைப்புக் கொடுத்தால் எதைத் திறப்பது என்று அதை வாசிப்பவர்கள் யோசிக்க வேண்டும், அந்த வேலையை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

அந்த ஐந்தாறு வரியில் என்ன எழுதுவது? வன்னியிலிருந்து ஒருவர் பாடுகிறார் என்றதும் வெளியில் இருப்பவர்கள் முதலில் கேட்பது 2009ஐப் பற்றித்தான். அதை மேலே போட்டால் கவனம் கிடைக்கும் என்று நல்ல மனதோடு ஆலோசனை சொன்னவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முள்ளிவாய்க்கால் இங்கே ஒவ்வொரு வீட்டின் இழப்பு, அதை என் விளம்பரத்தின் முதல் வரியாக்க எனக்கு உரிமை இல்லை. பாட்டுக்குள் அது வரும்போது வரட்டும். அறிமுகத்தில் நான் சொல்வது ஒலியைப் பற்றி: முல்லைத்தீவுப் பக்கத்து முல்லைமோடிக் கூத்து மெட்டுகளைக் கேட்டு வளர்ந்த குரல், ஒரு கிற்றார், ஒரு உடுக்கு, வயல் வேலைப் பேச்சில் எழுதிய வரிகள். இதை வாசிப்பவருக்குப் பாட்டைத் திறக்க முன்னமே காதில் ஏதோ கேட்க வேண்டும். "மனதை உருக்கும் குரல்" என்பதெல்லாம் யாரும் யாரைப் பற்றியும் எழுதலாம், அதனால் ஒன்றும் தெரியவராது.

படமும் அதே மாதிரித்தான். இடிந்த சுவர் முன்னால் நிற்கச் சொன்னார்கள். நான் இரணைமடுக் குளக்கட்டில் காலை வெளிச்சத்தில் நண்பனைக் கொண்டு எடுத்த படத்தைத்தான் வைத்திருக்கிறேன். நெடுக்காக ஒன்று, கிடையாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், நிகழ்ச்சி நடத்துபவர்கள் இரண்டையும் கேட்பார்கள்.

யாருக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். கோயில் திருவிழாவில் இசை நிகழ்ச்சியைத் தீர்மானிப்பது பரிபாலன சபையோ அன்றைய உபயகாரரோதான். அவர்கள் இணைப்பைத் திறக்கப் போவதில்லை. அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்து, எத்தனை பேர் வருவோம், எவ்வளவு நேரம் பாடுவோம், ஒலிபெருக்கி யாருடையது என்று நேரில் கதைக்க வேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில் வரும், அந்தப் பக்கம் பாட ஆசை என்றால் மாசி, பங்குனியிலேயே போய்க் கதையுங்கள். வானொலிக்கு எம்பி3 கோப்பு, அதன் உள்விவரத்தில் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கள் இருக்கட்டும். கோப்பு கைமாறிப் போனாலும் பெயர் கூடவே போகும்.

ஸ்பொட்டிஃபை வேறு கதை. 2021இல் அது இலங்கைக்கு வந்தது. பாட்டு வெளியாக முன்னர், குறைந்தது ஏழு நாட்களுக்கு முன்னமே, ஸ்பொட்டிஃபை ஃபோர் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற கலைஞர் பக்கம் வழியாக, பாட்டுப் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவுக்கு ஒரு பாட்டைப் பரிந்துரைக்கலாம். விளக்கத்துக்கு 500 எழுத்துக்குறிதான். நான் பாட்டு எதைப் பற்றியது, என்ன வாத்தியம், எந்த ஊர்க் கூத்தின் சாயல் என்று மூன்று வாக்கியத்தில் முடிப்பேன். பட்டியலில் இடம் கிடைக்காவிட்டாலும், ஏழு நாட்களுக்கு முன் அனுப்பியிருந்தால் நம்மைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு வரும். அதற்காகவே ஒவ்வொரு முறையும் அனுப்புகிறேன்.

அச்சகத்தைப் பற்றி ஒன்று. இங்கே பல கடைகளில் இன்னமும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருதான். மாற்றக்கூடிய கோப்பாகக் கொடுத்தால் திரும்பத் தட்டச்சு செய்வார்கள், அதில் பெயர் பிழைக்கும். கன்வாவில் பிடிஎஃப் எடுக்கும்போது அதைத் தட்டையாக்கும் தெரிவைப் போட்டு எடுங்கள், எழுத்து படமாகவே போய்விடும். திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும், ஆகவே முதலில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் படமாக அனுப்பாமல் டொக்கியூமென்டாக அனுப்பினால் தரம் குறையாது.

டிரைவில் கோப்பைப் புதுப்பிக்கும்போது பழையதை அழிக்காமல் அதன் மேலேயே புதிய பதிப்பை ஏற்றலாம், இணைப்பு மாறாது. போன வருடம் அனுப்பிய செய்தியை யாராவது இன்று திறந்தாலும் புதிய பாட்டுத்தான் இருக்கும். இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற அனுமதி திறந்திருக்கிறதா என்று வேறொருவரின் போனில் ஒருமுறை சரிபாருங்கள்.

கன்வாவின் கட்டணப் பதிப்பு தேவையா என்று கேட்டால், மாதாமாதம் தேவையில்லை. இசைத்தொகுப்பு வெளியிடுகிற மாதத்தில் மட்டும் எடுத்து, பின்னணி நீக்கம், அச்சுக் கோப்பு எல்லாவற்றையும் அந்த மாதத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். மிச்சக் காசுக்கு ஒரு நல்ல மைக் வாங்குங்கள்.