அம்மா ஆஸ்பத்திரியில் என்றால் பிள்ளை யாரிடம்? இருக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஆள், அம்மாதான். அவருக்கே கர்ப்பப்பை ஆபரேஷன் என்று டாக்டர் தேதி குறித்தால், முதலில் வரும் கவலை "இவனை யார் பார்த்துக்குவா" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டு போகிற அம்மாக்கள் இருக்கிறார்கள், அது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். தமிழ்நாட்டில் பத்துப் பதினைந்து நாளைச் சமாளிக்க என்ன வழிகள் உண்டு, எது யாருக்கு ஒத்துவரும் என்று பார்க்கலாம்.

முதலில் எல்லாரும் தேடுவது ஏஜென்சி மூலம் வரும் அட்டெண்டர். பிள்ளை தன் வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே இருப்பான், பழகிய சத்தம், பழகிய சாப்பாடு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. ஆனால் வருகிறவர்களில் பலர் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களைப் பார்த்துப் பழகியவர்கள். விழுங்கச் சிரமப்படும் பிள்ளையைப் படுக்கவைத்து ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும் என்பதையும், வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம் என்பதையும் நாம்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். செலவும் நாள் கணக்கில் கையிலிருந்துதான் போகும். வீட்டில் இன்னொரு பெரியவர் மேற்பார்வைக்கு இல்லாதபோது, பேசத் தெரியாத பிள்ளையைப் புது ஆளிடம் தனியாக விடுவதை நான் சம்மதிக்கவே மாட்டேன், பெண் பிள்ளையோ ஆண் பிள்ளையோ.

அடுத்தது டே கேர். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்காக 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த மத்திய அரசு அமைப்பு, தேசிய அறக்கட்டளை. அதன் விகாஸ் திட்ட மையங்கள் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைப் பகலில் குறைந்தது 6 மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா ராத்திரி வீட்டில் இருப்பார், பகலில் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்கிற குடும்பத்துக்கு இதுவே போதும். ராத்திரிக்கு ஆளில்லாத வீட்டுக்கு இது உதவாது.

சரி, ராத்திரியும் பகலும் யாருமே இல்லை என்றால்? அதற்காகவே அதே அறக்கட்டளையின் சமர்த் திட்டம் இருக்கிறது, தற்காலிகமாகத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஒன்று உள்ளவர்களை எடுத்துக்கொள்வார்கள். நெருக்கடியில் இருக்கும் குடும்பங்கள் என்று திட்டத்தின் நோக்கத்திலேயே எழுதியிருக்கிறது, ஆகவே தயங்காமல் கேட்கலாம், இது பிச்சை இல்லை. குறை என்னவென்றால் கைவிடப்பட்டவர்களுக்கும் இதே இல்லம்தான், ஆயுள் முழுக்கத் தங்கும் கரௌந்தா திட்டத்தோடும் இப்போது சேர்த்துவிட்டார்கள். நிரந்தரமாக இருப்பவர்களே இடத்தை நிரப்பிவிட்டால் பத்து நாளைக்கு வருகிற பிள்ளைக்குப் படுக்கை எங்கே கிடைக்கும்? உங்கள் பக்கத்தில் எந்த இல்லம் இருக்கிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இடம் கிடைக்கிற ஊரில் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு: நெருக்கடி வருவதற்கு முன்பே ஒரு வார இறுதியில் ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு அந்த இடம் பழகும், பார்த்துக்கொள்கிறவருக்குப் பிள்ளையின் முகம் சுளித்தால் என்ன அர்த்தம் என்று தெரியும், உங்களுக்கும் அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

கடைசி வழி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தை நலக் குழு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 வழியாக அவர்களை அணுகலாம். எட்டு வயதோ பதினாலு வயதோ, குறைபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத குழந்தையைப் பாதுகாப்பாகத் தங்கவைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மற்ற வழிகளில் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவரும் முடிவு உங்களுடையது, இங்கே குழுவின் உத்தரவு வேண்டும். இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தற்காலிகமாகத் தங்கவைப்பது வேறு, பெற்றோர் உரிமையையே விட்டுக்கொடுக்கும் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது வேறு. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஒப்படைத்துவிட்டால் மறுபரிசீலனைக்கு இரண்டு மாதம்தான், அதற்குப் பிறகு குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்க முடியும். களைத்துப்போய், அழுதுகொண்டு, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், எனக்கு வேண்டியது இத்தனை நாள் என்று எழுதிக்கொடுத்துக் கேளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், குழந்தைகள் நலனுக்கான மிஷன் வத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவைப் பற்றியும் விசாரிக்க வேண்டும், மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்தவர், பெற்றோருக்கு உயிரைப் பறிக்கும் நோய் என்கிற நிலைமைகளுக்கு உண்டு, ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிள்ளையைப் பிரியாமலேயே நெருக்கடியைக் கடக்க இது உதவும், பலருக்கு ஹோமைவிட இதுதான் தேவை.

நெருக்கடியே கணவரின் அடி உதைதான் என்றால் கணக்கு மாறுகிறது. பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அரசு நடத்தும் சகி மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம், மருத்துவம், போலீஸ், வக்கீல் எல்லாம் அங்கிருந்தே ஏற்பாடாகும். மகளை எந்த வயதானாலும் கூட வைத்துக்கொள்ளலாம், மகனுக்கு வயது வரம்பு இருக்கிறது. பதினாறு வயதில் நடக்க முடியாத மகனை வைத்திருக்கும் அம்மா என்ன செய்வார்? அவனை விட்டு வர மனமில்லாமல் அடிக்கிற வீட்டிலேயே இருந்துவிடுவார். இந்த வரம்பு குறைபாடுள்ள பிள்ளைகளுக்காவது தளர்த்தப்பட வேண்டும். அதுவரை, அழைக்கும்போதே மகனைப் பற்றிச் சொல்லி அவனுக்கும் சேர்த்து இடம் கேட்க வேண்டியிருக்கிறது.

எந்த வழி என்றாலும் யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகல், மருந்துச் சீட்டு, எந்த மருந்து எத்தனை மணிக்கு, எப்படி உட்காரவைத்து ஊட்டுவது, வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் ஒரே தாளில் எழுதித் தயாராக இருக்கட்டும். பதினெட்டு முடிந்தவர் என்றால் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் சட்டப்படியான பாதுகாவலர் சான்றையும் இப்போதே வாங்கிவிடுங்கள், அதற்கு நாளாகும், ஆஸ்பத்திரி தேதி வந்தபிறகு ஓடினால் கிடைக்காது.