தூக்குவாளிச் சீட்டு: மகனைச் சேர்த்த போதை மீட்பு மையம் பற்றி

மையத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் என் மகன் யாரென்று தெருவுக்கே தெரிந்துவிடும். மதுரைக்குள்தான் இருக்கிறது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பிவிடுவேன். பிள்ளை கஞ்சா பிடிப்பது ஒரு வருஷம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அவனுக்கு 18 வயது.

மையத்தில் செவ்வாயும் வெள்ளியும் சிறுநீர் சோதனை. சுத்தமாக இருந்தால் ஒரு எவர்சில்வர் தூக்குவாளிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்கலாம். முதல் தடவை 1, அடுத்து 2, அப்புறம் 3 என்று ஏறும். பையன்கள் அதை ‘லெவல்’ என்கிறார்கள். பாதிச் சீட்டில் ‘சபாஷ்’ மட்டும். மீதியில் ரீசார்ஜ், டிபன் கூப்பன், எப்போதாவது ஷூ. ஒரே ஒரு சீட்டில் சைக்கிள். அமெரிக்காவில் நான்சி பெட்ரி என்ற பேராசிரியை குடிநோயாளிகளிடம் செய்து பார்த்து, 2000இல் வெளியிட்ட முறை இது.

எனக்கு முதலில் பிடிக்கவில்லை. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும்வரை கூலியில் பாதியைச் சீட்டில் விட்டவர் எங்கள் அப்பா. ஆலோசகரிடம் கேட்டேவிட்டேன். “அம்மா, தம்பி கைக்காசு எதுவும் போடலையே. சீட்டு விழலைன்னா அவனுக்கு என்ன நஷ்டம்?” என்றார். சூதாட்டப் பழக்கம் இதனால் கூடுகிறதா என்று பெட்ரியின் குழுவே தனியாகப் பார்த்து, கூடவில்லை என்று கண்டதையும் சொன்னார்.

முதல் மூன்று வாரம் அவன் கஞ்சாவைத் தொடவே இல்லை. ஆனாலும் சோதனையில் காட்டிக்கொண்டே இருந்தது. கஞ்சா உடம்புக் கொழுப்பில் தங்கிவிடுமாம். தினமும் பிடித்தவர்களுக்கு ஒரு மாதம்கூடக் காட்டலாம். அந்த நாட்களில் நேரத்துக்கு வந்ததற்கே சீட்டு கொடுத்தார்கள். இந்த ஒன்றுக்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ‘விட்டும் என்ன பிரயோஜனம்’ என்று அவன் ஓடியிருப்பான்.

சுத்தமென்று வந்த முதல் நாள் கை நடுங்க ஒரு சீட்டு எடுத்தான். ‘சபாஷ்’தான். ஆலோசகர் அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். சீட்டை நாலாக மடித்துச் செல்போன் கவருக்குள் வைத்துக்கொண்டான்.

குறையும் சொல்ல வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று சோதனை நாள். பஸ்ஸெல்லாம் திருப்பிவிட்டதால் போக முடியவில்லை. அதை ‘வரவில்லை’ என்று எழுதி, 6 சீட்டில் இருந்தவனை 1க்கு இறக்கிவிட்டார்கள். அன்று மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான், சாப்பிடவில்லை. தொடர்ந்து மூன்று சோதனை சுத்தமாக வந்தால் பழைய கணக்கு திரும்பும் என்பது விதி, திரும்பவும் செய்தது. ஆனால் சித்திரைத் திருவிழா தேதி மதுரையில் யாருக்குத் தெரியாது? முன்கூட்டியே நாளை மாற்றியிருக்கலாம்.

இன்னொன்று, 12 வாரத்தோடு தூக்குவாளியை நிறுத்திவிடுகிறார்கள். பரிசு நின்றபிறகு சிலர் மறுபடி வழுக்குவார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியிருக்க, அதற்கப்புறம் மாதம் ஒரு போன் மட்டும் போதாது. நான் கேட்டுக் கேட்டு, வெள்ளிக்கிழமை பேச்சுக்கு மட்டும் வரச் சொன்னார்கள். போய்க்கொண்டிருக்கிறான்.

பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதல் மாதம் எதற்குச் சீட்டு கொடுப்பீர்கள், முடிந்தபிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14446க்குக் கூப்பிடுங்கள். அது போதை மீட்புக்கான இலவச எண்.