பாடகர் குழுவா, வாலிபர் ஆராதனைக் குழுவா?

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ சபை ஒன்றில் இந்த இரண்டு குழுவிலும் நின்றவன் நான். சேரப்போகும் தம்பி தங்கச்சிகள் கேட்பதால் எழுதுகிறேன்.

நேரம்:
பாடகர் குழு: சனி மாலை ஒரு மணி நேர ஒத்திகை, அவ்வளவுதான்.
வாலிபர் குழு: ஒத்திகை தனி. ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து ஒயர் இழுத்து, மைக் சரிபார்த்து, முடிந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி வைக்க வேண்டும். பாடியதைவிட ஒயர் சுருட்டியதுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

பாட்டு:
முன்னதில் பாமாலையும் (மேல்நாட்டு மெட்டில் பாடுவது) கீர்த்தனையும் (நம் ராகத்தில் பாடுவது). கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பல எழுதிய வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் நம் திருநெல்வேலியில்தான் பிறந்தார். அதனால் கீர்த்தனை நமக்கு வீட்டுச் சொத்து மாதிரி. ஒருமுறை படித்தால் ஆயுசுக்கும் வரும்.
பின்னதில் அடிக்கடி புதுப் பாட்டு, வரிகள் மனப்பாடம்.

தப்பு நடந்தால்:
அங்கே இருபது குரலுக்குள் மறைந்துவிடும்.
இங்கே ஸ்பீக்கரில் தெருவே கேட்கும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) மாறிக்கிடந்ததைக் கவனிக்காமல் ஒருநாள் தொடங்கிவிட்டேன். பாடிய அக்கா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

செலவு: கிட்டார் கம்பி சொந்தக் காசு. மற்றபடி பெரிதாக இல்லை.

சரி, ப்ளஸ் டூ படிப்பவர்கள் பாடகர் குழுவுக்கே போங்கள். கருவி வாசிக்கத் தெரிந்து, ஞாயிறு விடிகாலை எழுந்திருக்கவும் முடிந்தால் வாலிபர் குழு. கூச்ச சுபாவம் என்றால் முதல் வருடம் ஒயர் பக்கமே நில்லுங்கள், அதற்கும் ஆள் தேவை.