சவான்னா டிராலி டிக்கெட்: பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் படியுங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் வீடுகளில் கோடை முழுக்க அடுத்து எங்கே போகலாம் என்ற பேச்சுதான் ஓடும். அட்லாண்டா பக்கம் இருப்பவர்களின் பட்டியலில் அதே ஜார்ஜியா மாநிலத்துச் சவான்னா கட்டாயம் இருக்கும். நாலு மணி நேரக் கார் பயணம், பழைய ஊர், பக்கத்திலேயே டைபீ தீவுக் கடற்கரை. ஊர் அருமையான ஊர், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் எச்சரிக்க வந்தது அங்கே விற்கும் 'நாள் முழுக்க எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம்' என்ற டிராலி டிக்கெட்டைப் பற்றி. நடக்க முடியாத பெரியவர்கள் கூட இருப்பதால்தான் அந்த டிக்கெட்டை வாங்குகிறோம். கடைசியில் அந்தப் பெரியவர்களைத்தான் அது வெயிலில் நிறுத்துகிறது.

பார்க்காதவர்களுக்காக: இந்த டிராலி தண்டவாளத்தில் ஓடுவதில்லை. பழைய டிராம் மாதிரி கூண்டு கட்டிய பஸ்தான். மரப் பெஞ்சு, திறந்த ஜன்னல், ஓட்டுநரே மைக்கில் ஊர்க் கதை சொல்லிக்கொண்டு போவார். முழுச் சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கம்பெனியின் பெயரை நான் போடவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அங்கே ஓட்டுகின்றன, எந்தக் கவுன்ட்டரில் நின்றாலும் நீங்கள் கேட்க வேண்டியது இதேதான்.

நாங்கள் நாலு பேர் போனோம். அப்பா, அம்மா, கணவர், நான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. டிக்கெட் கவுன்ட்டரில் இதைச் சொல்லித்தான் கேட்டேன். "அதற்காகத்தானே இந்த டிக்கெட், இருபது நிமிஷத்துக்கு ஒரு வண்டி வரும், சாயங்காலம் ஐந்து மணி வரை ஓடும், எங்கே வேண்டுமானாலும் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்" என்றார் அந்தப் பெண். ஆளுக்கு 40 டாலரை ஒட்டி வந்தது, வரியும் இன்னொரு கட்டணமும் சேர்த்து. சட்டையில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கொரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். அதைக் காட்டினால்தான் மறுபடி ஏற்றுவார்களாம்.

முதல் ஏற்றத்தில் பிரச்சினையே இல்லை. வண்டி காலியாகத்தான் கிளம்பும் இடம் அது. ஃபோர்சைத் பூங்காவில் இறங்கினோம். 1858-இல் வைத்த வெள்ளை நீரூற்று அங்கே இருக்கிறது, அதன் முன்னால் போட்டோ எடுக்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. அப்பா நீரூற்றைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு வந்தார். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

திரும்ப ஏற நிறுத்தத்துக்கு வந்தோம். வண்டி வந்தது. ஓட்டுநர் இறங்கவே இல்லை, கண்ணாடியில் பின்னால் பார்த்து விரலால் எண்ணினார். "இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறது" என்றார். நாங்கள் நாலு பேர் என்றேன். அப்பா அம்மாவை மட்டும் அனுப்பலாம் என்றால், இருவருக்கும் ஆங்கில ஓட்டம் பிடிபடாது, எங்கே இறங்குவது என்று தெரியாது, அமெரிக்க போன் நம்பரும் கையில் கிடையாது. அடுத்த வண்டி என்றோம். அது இருபது நிமிஷத்தைத் தாண்டி வந்தது, நிறுத்தவே இல்லை. ஓட்டுநர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கடுத்ததில் மூன்று இடம். அந்த நிறுத்தத்தில் நிழல் கிடையாது, உட்கார ஒரு கல்கூட இல்லை. ஜூலை மாதச் சவான்னா வெயில் நம்ம சென்னை வெயிலுக்குக் குறைந்ததல்ல, அதே புழுக்கம். அம்மாவின் புடவையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வேர்வையில் ஓரம் கழன்று சுருண்டு, கடைசியில் கீழே விழுந்தது. அதைப் பொறுக்கி என் கைப்பையில் வைத்தேன். "பணம் கட்டியிருக்கோம்லம்மா, ஏன் ஏத்த மாட்டேங்கிறாங்க?" என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

டிக்கெட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். வண்டி நிறைந்திருந்தால் தாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஏறக்கூடிய வண்டி வந்தபோது மணி நாலரை. ஏறி உட்கார்ந்து அப்பாடா என்று இருக்கும்போதே ஓட்டுநர் அறிவிக்கிறார்: இது கடைசிச் சுற்று, இனி இறங்குகிறவர்கள் திரும்ப ஏற முடியாது. ஐந்து மணி என்று கவுன்ட்டரில் சொன்னது கடைசி வண்டி திரும்பிவந்து நிற்கும் நேரம். அந்த வண்டி முதல் நிறுத்தத்தை விட்டுக் கிளம்புவது மூன்றரை மணிக்கே. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். அதைச் சொல்லாமல் விட்டதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன். நெரிசலை யாரும் திட்டமிடுவதில்லை. நேரம் அப்படியில்லை, கவுன்ட்டரில் இருப்பவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

சரி, வண்டியில் சொன்ன கதையாவது உருப்படியாக இருந்ததா என்றால், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சதுக்கத்துக்குச் சதுக்கம் மைக்கில் வந்தது இனிப்புக் கடைக் கூப்பன், அதே கம்பெனி ராத்திரி நடத்தும் பேய்ச் சுற்றுலா, எந்த ஓட்டலில் தங்கள் பெயரைச் சொன்னால் தள்ளுபடி, இவைதான். இடையிடையே வரலாறு. அதுவும் தப்பும் தவறுமாக.

உள்நாட்டுப் போரில் வடமாநிலப் படையை நடத்திய ஜெனரல் ஷெர்மன் 1864 டிசம்பரில் இந்த ஊர் வரை வந்தும் எரிக்காமல் விட்டதற்குக் காரணம் ஊரின் அழகில் மயங்கியது என்றார் ஓட்டுநர். நடந்தது வேறு. தென்மாநிலப் படைத் தளபதி ஹார்டி டிசம்பர் 20 இரவோடு இரவாகத் தற்காலிகப் பாலம் போட்டு ஆற்றைக் கடந்து தென் கரோலினாவுக்குத் தப்பிவிட்டார். மறுநாள் காலை மேயர் ரிச்சர்ட் ஆர்னால்ட் ஊரை ஒப்படைத்தார். சண்டையில்லாமல் கைக்கு வந்த துறைமுகத்தை எந்தத் தளபதியும் எரிக்கமாட்டார். 150 பீரங்கிகளோடும் சுமார் 25,000 பொதிப் பருத்தியோடும் சவான்னாவைக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருகிறேன் என்று ஷெர்மன் லிங்கனுக்குத் தந்தி கொடுத்தார். அந்தப் பருத்தியை யார் விளைவித்தார்கள் என்று ஒரு வார்த்தை வண்டியில் வரவில்லை.

ரைட் சதுக்கத்தில், இங்கே பூர்வகுடித் தலைவர் டோமோசீசி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதோடு முடித்துக்கொண்டார். 1733-இல் இந்த ஊரை நிறுவிய ஆங்கிலேயர் ஓகல்தார்ப் வந்து இறங்கியபோது குடியேற இடம் விட்டவர் டோமோசீசி. 1739-இல் இறந்ததும் ராணுவ மரியாதையோடு அங்கே புதைத்தார்கள். பிறகு 1883-இல் அதே சதுக்கத்தின் நடுவில் ரயில்வே முதலாளி வில்லியம் கார்டனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டு, 1899-இல் ஓரமாக ஒரு பாறையை வைத்து டோமோசீசிக்குக் கணக்குத் தீர்த்தார்கள். அந்தச் சதுக்கத்தில் சொல்ல வேண்டிய கதையே இதுதான்.

இன்னொன்று. கால்ஹூன் சதுக்கம் என்று ஒன்றைக் காட்டினார். அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கிய அந்தத் துணை ஜனாதிபதியின் பெயரை 2022-லேயே நகரசபை எடுத்துவிட்டது. 2023-இல் சூசி கிங் டெய்லர் பெயரை வைத்தார்கள். 1848-இல் அடிமையாகப் பிறந்து, சவான்னாவில் ஒளிந்து ஒளிந்து எழுதப் படிக்கக் கற்று, விடுதலை பெற்ற மக்களுக்குப் பள்ளி நடத்தி, போரில் கறுப்பினப் படைப்பிரிவுக்குத் தாதியாக இருந்தவர் அவர். காசு வாங்கிக்கொண்டு ஊரைக் காட்டுகிறவருக்கு ஊரின் சதுக்கத்துப் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒரு தகவல் பலருக்குத் தெரியாது. முன்பெல்லாம் சவான்னாவில் கைடு வேலை பார்க்க நகராட்சி வைக்கும் வரலாற்றுத் தேர்வில் தேறி உரிமம் வாங்க வேண்டும். பேச்சுரிமைக்கு எதிரானது என்று வழக்குப் போட்டார்கள், 2015-இல் நகராட்சியே அந்த விதியை எடுத்துவிட்டது. பக்கத்து ஊர் சார்ல்ஸ்டனிலும் 2018-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதே மாதிரி விதி செல்லாது என்றது. பேச யாருக்கும் உரிமை உண்டு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மைக்கில் வருவதை யாரும் சரிபார்ப்பதில்லை என்பது தெரிந்து ஏறுங்கள். நல்ல கைடுகளும் அங்கே நிச்சயம் இருக்கிறார்கள். நமக்கு யார் வாய்ப்பார் என்பது கவுன்ட்டரில் தெரியாது.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். 'பயன்படுத்திய டிக்கெட்' என்று மறுத்துவிட்டு, அடுத்த வருகைக்குக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். கார்டு கம்பெனியில் டிஸ்ப்யூட் போட்டேன். டிராலிக் கம்பெனி பதிலுக்கு டிக்கெட் விதிமுறைகளை அனுப்பியது. 'மறு ஏற்றம் இருக்கை இருப்பைப் பொறுத்தது' என்று அதில் ஒரு வரி. அந்த வரி கவுன்ட்டரில் இல்லை, கையில் கொடுத்த வரைபடத்திலும் இல்லை. இணையதளத்தில் கீழே போய் இன்னொரு பக்கத்தைத் திறந்தால் இருக்கிறது. டிஸ்ப்யூட் எனக்கு எதிராக முடிந்தது. சுற்றுலா வண்டிகளைக் கவனிக்க நகராட்சியில் தனித் துறை இருக்கிறது, போட்டோக்களோடு அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

அப்படியும் டிராலியில்தான் போக வேண்டும் என்றால், கடைசி வண்டி முதல் நிறுத்தத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேளுங்கள். 'எத்தனை மணி வரை ஓடும்' என்று கேட்டால் எங்களுக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும். காலையில் முதல் வண்டியிலேயே ஏறி, இறங்காமல் ஒரு முழுச் சுற்று போய்விடுங்கள். நாலு பேர் சேர்ந்து மறுபடி ஏறலாம் என்று மட்டும் நம்ப வேண்டாம். ஏறி இறங்காத சுற்றுக்குத் தனி டிக்கெட் இருந்தால் அதையே வாங்குங்கள். முதல் படி உயரம், முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுவே ஒரு பாடு. லிஃப்ட் வைத்த வண்டி வேண்டுமானால் முன்கூட்டியே போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

உண்மையில் டிராலியே தேவைப்படாது என்பேன். மறுநாள் நாங்கள் சுற்றியது அப்படித்தான். நகரத்தின் நடுப்பகுதியில் 'டாட்' என்ற பஸ் இலவசமாக ஓடுகிறது, ஆற்றைக் கடக்கும் படகும் இலவசம். அந்தப் படகுகளுக்கு இந்த ஊரோடு தொடர்புள்ள பெண்களின் பெயரை வைத்திருக்கிறார்கள், சூசி கிங் டெய்லர் பெயரும் அதில் ஒன்று. புல் (Bull) தெருவை எடுத்துக்கொண்டால் ஜான்சன், ரைட், சிப்பெவா, மாடிசன், மான்டரே என்று ஐந்து சதுக்கங்கள் வரிசையாக வந்து ஃபோர்சைத் பூங்காவில் முடியும். மொத்தமே ஒரு மைல்தான். ஓகல்தார்ப் போட்ட திட்டம் அப்படி, கொஞ்ச தூரத்துக்கு ஒரு சதுக்கம். ஒவ்வொன்றிலும் பெஞ்சு, பெரிய ஓக் மரங்கள், கிளையெல்லாம் சாம்பல் நிறப் பாசி தொங்கும், நல்ல நிழல். அம்மா ஒவ்வொரு சதுக்கத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்தே பூங்கா வரைக்கும் வந்துவிட்டார்.

டிக்கெட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியை வேறு இடத்தில் கொடுங்கள். ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் ஃபர்ஸ்ட் ஆப்பிரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. 1859-இல் முடிந்த கட்டடம், பகலெல்லாம் எஜமானுக்கு உழைத்துவிட்டு இரவில் வந்து அடிமைகளாக இருந்த மக்களே கட்டியது. தரைப் பலகையில் சின்னச் சின்னத் துளைகள் ஒரு கோலம் போல இருக்கும். தப்பி ஓடிய அடிமைகள் தரைக்கு அடியில் ஒளிந்திருந்தபோது மூச்சுவிட உதவிய துளைகள் என்று சபையார் சொல்கிறார்கள். அதே 1859 மார்ச் மாதத்தில்தான் ஊருக்கு வெளியே குதிரைப் பந்தய மைதானத்தில் இரண்டு நாளில் 400-க்கும் மேற்பட்ட மனிதர்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். அப்பா அந்தத் துளைகளுக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஒன்றரை மணி நேரம் மைக்கில் கேட்டதில் ஒன்றைப் பற்றியும் அவர் கேள்வி கேட்கவில்லை. இங்கே கேட்டுக்கொண்டே இருந்தார். தேவாலயத்தைச் சுற்றிக் காட்டும் நேரங்களை முன்னாடியே பார்த்துவிட்டுப் போங்கள். ஓவன்ஸ்-தாமஸ் மாளிகையிலும் அடிமைகள் குடியிருந்த பகுதியைத் திறந்து காட்டுகிறார்கள்.

மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினத்தை ஒட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று. நாட்டிலேயே பெரிய ஊர்வலங்களில் ஒன்று அங்கேதான், சதுக்கங்களைச் சுற்றிய தெருக்களை அடைத்துவிடுவார்கள். அந்த நாட்களுக்கு டிராலி டிக்கெட் முன்பதிவு செய்யவே செய்யாதீர்கள்.