பூவோடு வந்த 24 செடியில் ஒன்றுக்கும் வேர் இல்லை, 4,800 ரூபாய் போச்சு

நேற்று மாலை 24 செடியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றில்கூட வேர் இல்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமும் இல்லை. ஆன்லைனில் செடி வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்.

மதுரையில் எங்கள் வீட்டு முன்சுவர் ஓரம் 24 அடி மண் சும்மா கிடந்தது. அடிக்கு ஒன்றாகக் குட்டை இட்லிப்பூ வைக்க ஆசை. இரண்டு மூன்று அடிக்கு மேல் போகாது, அடர்த்தியாகப் புதர் கட்டும், வெயில் இருந்தால் வருஷம் முழுக்கப் பூக்கும். அம்மா அதை வெட்சி என்றுதான் சொல்வார். முருகன் படத்துக்குத் தினமும் ஒரு கொத்து வைக்கலாம் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

செடி விற்கும் பக்கம் ஒன்றில் வீடியோ பார்த்து நம்பர் எடுத்துப் பேசினேன். நான் ஏமாந்த இடம் அந்த ஃபோன்தான். விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. "அக்கா, உங்க போர் தண்ணி உப்பா? அப்படின்னா இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அது இரும்புச்சத்து மண்ணுல இருந்தும் செடியால எடுக்க முடியாததால. தொழு உரம் நிறைய போடுங்க, சுண்ணாம்பு பூசுன சுவரை ஒட்டி வைக்காதீங்க" என்றார். அத்தனையும் சரியான தகவல். இவ்வளவு தெரிந்தவர் செடியை நேசிக்கிறவராகத்தான் இருப்பார் என்று நினைத்துவிட்டேன். கூரியரோடு சேர்த்துச் செடி 200 ரூபாய், மொத்தம் 4,800. அந்த நிமிஷமே ஜிபே செய்தேன்.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. ஒவ்வொரு பையிலும் சிவப்புக் கொத்துப் பூ. மகள் வீடியோ எடுத்தாள், அம்மா கைதட்டினார். எட்டாம் நாள் இலை சுருண்டது. பத்தாம் நாள் தொட்டாலே உதிர்ந்தது. சந்தேகப்பட்டு ஒன்றை இழுத்தேன். ஸ்டாண்டிலிருந்து ஊதுபத்தி உருவுவது போல வந்தது. அடியில் கத்தியால் சாய்வாக வெட்டிய தடம், அதைச் சுற்றிக் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். பெரிய செடியில் பூத்திருந்த கிளைகளை ஒடித்துத் தேங்காய் நாரில் செருகி அனுப்பியிருக்கிறார்கள். இட்லிப்பூக் குச்சி வேர் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அது குட்டை ரகமும் இல்லை. குட்டை ரகத்தின் இலை விரல் நீளம்கூட இருக்காது, இவையோ உள்ளங்கை நீளம்.

பணம் போகும்வரை அக்கா, அதன் பிறகு மேடம். "புது இடம் மேடம், நிழலில் வைங்க." மறுநாள், "தண்ணி அதிகமாயிடுச்சு." அடுத்த நாள், "தண்ணி பத்தல." பார்சல் பிரித்த வீடியோவை அனுப்பினேன். "அதுல செடி நல்லாத்தானே இருக்கு மேடம், எங்க கேரண்டி வந்து சேர்ற வரைக்கும்தான்" என்று பதில். வேரில்லாத குச்சிகளின் படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, முகப்புப் படம் மறைந்தது. பிளாக் செய்துவிட்டார். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் கட் செய்தார். 4,800 ரூபாய் எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகைச் செலவு.

செடி வாங்கும்போது பார்க்க வேண்டியதையெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இதை மட்டும் கேளுங்கள். பூவைப் பார்த்து வாங்காதீர்கள், பையிலிருந்து எடுத்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு செடி வாங்கி ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். முடிந்தால் பக்கத்து நர்சரிக்கே போய்விடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். நான் பத்து நாள் கழித்துத்தான் அழைத்தேன், புகார் மட்டும் பதிவாகியிருக்கிறது.

இன்று காலையும் அந்தப் பக்கத்தில் அதே வீடியோ ஓடுகிறது. கீழே ஒருவர் 30 செடிக்கு விலை கேட்டிருந்தார். வாங்காதீர்கள் என்று எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் அதை அழித்துவிட்டார்கள். அவர் கண்ணில் இதுவாவது பட வேண்டும்.