திருத்திச் சொல்லும் மேடை: ஒரு தொல்லியல் பொழிவு வரிசை குறித்து

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை, 18 ஆண்டுகளாக நடந்துவரும் தொல்லியல், வரலாற்றுப் பொழிவு வரிசை ஒன்றை 2014 முதல் நான் கேட்டுவருகிறேன். நடத்துபவர்கள் தம் பெயரை முன்னிறுத்த விரும்பாதவர்கள் என்பதாலும், சில குறைகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதாலும் அமைப்பின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். ஒன்றேகால் மணி நேரப் பேச்சு, அதன்பின் அரை மணி நேரக் கேள்வி, நுழைவுக் கட்டணம் இல்லை, பொன்னாடையும் வாழ்த்துரையும் இல்லை என்பதே அதன் அமைப்பு. பேச வருபவர்கள் பெரும்பாலும் அகழாய்வுக் குழியில் நின்று மண் பார்த்தவர்கள், கல்வெட்டைத் தேடி மலையேறியவர்கள், அல்லது ஆவணக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர்கள். நூல்களைப் படித்துவிட்டுத் தொகுத்துச் சொல்பவர்களுக்கு இங்கே அரிதாகவே இடம் கிடைக்கிறது.

தமிழகத் தொல்லியல் பற்றிய பேச்சுக்கு இன்று பஞ்சமில்லை. பானை ஓடு ஒன்று கிடைத்த செய்தி அன்று மாலைக்குள் எல்லோர் கைப்பேசிக்கும் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பானையோட்டின் காலம் எப்படித் தெரிந்தது, அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அந்த அடுக்கு கலையாமல் இருந்ததா என்ற கேள்விகளை எடுத்து வைத்து, பொறுமையாக விடை சொல்லும் இடங்கள் மிகக் குறைவு. இந்த வரிசையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. கண்டுபிடிப்பை அறிவிப்பதைக் காட்டிலும், கண்டுபிடித்தது எப்படி உறுதியானது என்று விளக்குவதையே அது தன் வேலையாகக் கொண்டிருக்கிறது. நீண்ட காலம் நடப்பதால் இன்னொன்றும் அதற்கு வாய்த்திருக்கிறது: ஒரே பேச்சாளர் சில ஆண்டுகள் கழித்து அதே மேடைக்கு வந்து, தாம் முன்பு சொன்னதைத் திருத்திக்கொள்வதை நாம் நேரில் பார்க்க முடிகிறது.

இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழி, அதாவது தமிழ்ப் பிராமி என்னும் பழந்தமிழ் எழுத்தின் காலம் பற்றிய இரண்டு பொழிவுகள். நான் வரத் தொடங்கிய ஆண்டிலேயே முதலாவதைக் கேட்டேன். மாங்குளம், புகலூர், ஜம்பை என்று குகைத்தளக் கல்வெட்டுகளை வரிசையாகக் காட்டிய பேச்சாளர், அவற்றின் மொழி தமிழே என்பதை 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிலைநாட்டியதிலிருந்து தொடங்கி, கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் எழுத்தின் வடிவ அமைதியை வைத்து வகுத்த கால வரிசை வரைக்கும் வந்தார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்கு முன்னே போவதற்குக் கல்வெட்டுச் சான்று மட்டும் போதாது என்றும், பழனிக்கு அருகில் உள்ள பொருந்தலில் ஈமக்குழி ஒன்றில் எழுத்துப் பொறித்த பிரிமனையுடன் (பானை தாங்கும் வளையத்துடன்) கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 490 என்று காலக்கணிப்பு வந்திருப்பதால் அந்த எல்லை தளரத் தொடங்கியிருக்கிறது என்றும் சொல்லி நிறுத்திக்கொண்டார். கீழடியில் அகழாய்வு அப்போதுதான் தொடங்கும் தறுவாயில் இருந்தது.

கீழடி நான்காம் கட்ட அகழாய்வு அறிக்கை 2019-இல் வெளிவந்த பிறகு அவரே மீண்டும் வந்தார். புதிய படங்களுடன் தொடங்காமல், முதல் பொழிவில் காட்டிய கால அட்டவணையை அப்படியே திரையில் இட்டு, அதில் எந்தெந்த வரி இனி நிற்காது, எந்த வரி இன்னும் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமாதிரி கி.மு. 580 என்று வந்தது. எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்த மண்ணடுக்குகளோடு அதைச் சேர்த்துப் பார்த்தே அறிக்கை கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்ற முடிவுக்கு வருகிறது. மாதிரியின் காலமும் எழுத்தின் காலமும் தாமாகவே ஒன்றாகிவிடுவதில்லை, அவற்றை இணைப்பது மண்ணடுக்கு என்று அவர் அழுத்திச் சொன்னது, செய்தித்தாள் தலைப்புகளில் நான் எங்கும் பார்க்காத வாக்கியம். ஐந்தாண்டுகளுக்கு முன் தாம் சொன்னதை இத்தனை பேர் முன்னிலையில் கோடு போட்டுத் திருத்துவதற்குப் புலமையோடு நேர்மையும் வேண்டும். அந்த மாலைக்காகவே இந்த வரிசைக்கு நான் நன்றியுடையவன்.

அதற்கடுத்து நடந்த கரிமக் காலக்கணிப்புப் பொழிவும் தனியாகச் சொல்லத் தக்கது. உயிர் போன பொருளில் கரிமம்-14 சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்பது பள்ளியிலேயே படித்ததுதான். அதற்கு அப்பால் உள்ளதை, அதாவது காற்றில் இருந்த கரிமம்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருக்கவில்லை என்பதையும், ஆகவே ஆய்வகம் தரும் எண்ணை மரவளையங்களைக் கொண்டு வரைந்த திருத்தக் கோட்டில் வைத்துத்தான் ஆண்டாக மாற்ற வேண்டும் என்பதையும், கணிதம் அறியாதவர்க்கும் விளங்குமாறு அந்தப் பேச்சாளர் சொன்னார். அந்தக் கோடு கி.மு. 800 முதல் 400 வரையிலான பகுதியில் ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. எனவே அந்த இடைவெளிக்குள் விழும் ஒற்றை மாதிரியை இந்த நூற்றாண்டினது என்று நெருக்கிச் சொல்வது கடினம். ஒரே இடத்தின் பல அடுக்குகளிலிருந்து பல மாதிரிகள் வந்து, மேலடுக்கு பிந்தியது, கீழடுக்கு முந்தியது என்ற ஒழுங்கும் பொருந்தினால் உறுதி கூடும். நம் தொடக்க வரலாற்றுக் காலத்தின் மிக முக்கியமான நூற்றாண்டுகள் அந்தத் தட்டைப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன என்று அவர் சொன்னபோது அரங்கில் எழுந்த அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கரித்துண்டு காட்டுவது நெருப்பு மூட்டிய ஆண்டை அன்று, அந்த மரத்தின் குறிப்பிட்ட வளையம் வளர்ந்து முடிந்த ஆண்டை என்பதையும், முதிர்ந்த மரத்தின் உள்வயிரம் எரிந்திருந்தால் காலம் கூடுதலாகத் தெரியும் என்பதையும், அதனால் நெல் போன்ற ஓராண்டுப் பயிர் கிடைத்தால் ஆய்வாளர்கள் மகிழ்வார்கள் என்பதையும் அன்றே அறிந்தேன்.

இந்தப் பயிற்சி கேட்பவர்களை மாற்றியிருக்கிறது. தூத்துக்குடி மாவட்டச் சிவகளையின் இரும்பு கி.மு. 3345 வரை பின்செல்கிறது என்ற அறிவிப்பு 2025 ஜனவரியில் வந்த பிறகு நடந்த பொழிவில், முதல் கேள்வி எத்தனை பழமை என்பதாக இல்லை. எந்தத் தாழியிலிருந்து எடுத்த மாதிரி, கரித்துண்டா பானையோடா, கரிமக் கணிப்பா, மண்ணின் கனிமத் துகள் கடைசியாக வெப்பமோ வெளிச்சமோ பட்ட காலத்தைக் காட்டும் ஒளிர்வுக் கணிப்பா, எத்தனை ஆய்வகங்கள் பார்த்தன என்றே அடுத்தடுத்துக் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூடத் துறை சார்ந்தவர் இல்லை.

கல்வெட்டுப் பொழிவுகளே இந்த வரிசையில் எண்ணிக்கையில் மிகுந்தவை, தரத்திலும் சீரானவை. கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுக்கும் மைப்படி முறையைப் பற்றிப் பேச வந்த ஒருவர், புதிதாக எழுத்து வெட்டிய கல் ஒன்றைக் கொண்டுவந்து, அதைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, பின்பு மை ஒற்றி எங்கள் முன்னிலையிலேயே ஒரு படியை உரித்தெடுத்தார். பள்ளமான எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கருமையாகவும் தாளில் தெளிந்து வந்த அந்தக் கணத்தில், 1880-களின் இறுதியிலிருந்து இந்நாட்டில் படியெடுத்துச் சேர்த்த பல்லாயிரம் கல்வெட்டுகளுக்குப் பின்னால் எத்தனை கைகளின் உழைப்பு இருக்கிறது என்பது புரிந்தது. இன்னொரு பொழிவு, கல்வெட்டில் ஆட்சியாண்டுடன் கிழமையும் திதியும் நட்சத்திரமும் சேர்ந்து வந்தால் வானியல் கணக்கால் நாளையே பிடித்துவிடலாம் என்பதை விளக்கியது. முதலாம் இராசராசனின் ஆட்சி 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் தொடங்கியது என்று ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் கணித்தது இந்த வழியில்தான். ஒரே ஒரு கல்வெட்டால் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. பல கல்வெட்டுகள் இருபுறமும் நெருக்கி நெருக்கி ஒரு மாதத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமாவின் ஆய்வுமுறை பற்றிய பொழிவை நான் இரண்டு முறை பதிவிலும் கேட்டேன். திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, நிலத்தை விற்றவர் யார், எல்லை சொல்லும்போது குறிக்கப்படும் பக்கத்து நிலம் யாருடையது என்று எண்ணிப் பார்த்தவர் அவர். பிரமதேயமான, அதாவது பிராமணர்க்குக் கொடையளித்த ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனியாரிடமும், அல்லூரில் ஊராரின் பொதுப் பொறுப்பிலும் இருந்ததாக அவர் முடிவு கண்டார். மன்னன் பெயரையும் வெற்றியையும் பாடும் மெய்க்கீர்த்தியைத் தாண்டி, நாம் சலிப்போடு கடந்துபோகும் எல்லை விவரங்களுக்குள் ஒரு சமூகத்தின் சொத்துறவு முழுவதும் படிந்து கிடக்கிறது என்பதைப் பேச்சாளர் ஒரே கல்வெட்டை வரிவரியாகப் படித்துக் காட்டி உணர்த்தினார். வரலாறு கற்பிப்பவர் எவரும் அந்தப் பதிவைத் தேடிக் கேட்க வேண்டும்.

புதுச்சேரிக்கு அருகில் உள்ள பழைய துறைமுக ஊரான அரிக்கமேடு பற்றி வந்த இரு பொழிவுகள் ஓரளவே நிறைவளித்தன. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியதையும், உரோமப் பொருள்களை வைத்து அவர் அந்த ஊரின் காலத்தைக் கணித்ததையும் முதலாமவர் ஆர்வத்துடன் சொன்னார். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி மீண்டும் அகழ்ந்து, குடியிருப்பு உரோம வணிகத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காட்டியதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் அவசரமாக முடித்தார். அந்த மறுப்புதான் அன்றைய பொழிவின் நடுவாக இருந்திருக்க வேண்டும். இரண்டாமவர் அதைச் சரிசெய்தாலும், படங்களில் இருந்த பானைக் கோட்டோவியங்கள் பின்வரிசைக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக இருந்தன.

குறைகளில் முதன்மையானது தலைப்புத் தேர்வு. பட்டியலைப் புரட்டினால் சோழர் காலமும் கோயில் கட்டடக் கலையும் பெரும் பங்கைப் பிடித்திருக்கின்றன. 1863-இல் பல்லாவரத்தில் புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கற்கருவியில் தொடங்கி, அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகள் வரை பின்செல்லும் பழைய கற்காலத்துக்கு நான் வந்த காலத்தில் இரண்டே பொழிவுகள். அவையும் அடுத்தடுத்த மாதங்களில் வந்து முடிந்துபோயின. நாயக்கர் காலத்துக்குப் பிந்தைய ஊர்ப்புறத் தொல்லியல், பழைய ஏரி, மதகு, கலிங்கு போன்ற நீர்க்கட்டுமானங்கள், உலோகம் உருக்கியவர்களின் தொழில் ஆகியவற்றைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள், அழைப்புதான் போகவில்லை. பெண் ஆய்வாளர்கள் மேடையேறிய மாலைகளும் என் குறிப்பேட்டில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அகழாய்விலும் கல்வெட்டியலிலும் அவர்கள் செய்திருக்கும் வேலையின் அளவை நினைத்தால் இது வருத்தம் தருகிறது.

கேள்வி நேரம் எப்போதும் மேற்சொன்னது போல இருப்பதில்லை. கேள்வி என்ற பெயரில் தம் கொள்கையைப் பத்து நிமிடம் விரித்துரைப்பவர்களை நெறியாளர் இடைமறிப்பதில்லை. மரியாதை கருதி அவர் பொறுத்துக்கொள்வதால், பின்னால் கையுயர்த்தி நிற்கும் மாணவர்களின் முறை வராமலே அரங்கைப் பூட்டும் நேரம் வந்துவிடுகிறது. கேள்விகளைத் தாளில் எழுதி வாங்கும் முறையைச் சில மாதங்கள் கைக்கொண்டபோது நன்றாக இருந்தது. அது ஏன் கைவிடப்பட்டது என்று தெரியவில்லை, திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

பதிவுகளைப் பொறுத்தவரை, 2020-இல் பொழிவுகள் இணையத்துக்கு மாறியபின் வந்தவை தெளிவாகக் கேட்கின்றன. அதற்கு முந்தையவற்றில் பாதிக்குமேல் ஒலி மங்கலானவை. பேச்சாளர் திரையைச் சுட்டி ‘இதோ இந்த அடுக்கு’ என்று சொல்லும்போது ஒளிப்படக் கருவி அவர் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கும். படங்களைத் தனிக் கோப்பாக இணைத்து வைத்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். 18 ஆண்டுப் பேச்சுகளில் ஒன்றுகூட எழுத்து வடிவில் நூலாகவில்லை என்பதே எனக்கு மிகப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. குறைந்தது கரிமக் காலக்கணிப்பு, மைப்படி, கராஷிமா ஆகிய மூன்றையும் எழுதிச் செப்பனிட்டுச் சிறு நூலாக வெளியிட்டால், கல்லூரி மாணவர்க்குத் தமிழில் இதற்கு நிகரான தொடக்க நூல் வேறு கிடைப்பது அரிது.

புதிதாக வருபவர்கள் நேரே அடுத்த மாதப் பொழிவுக்கு வருவதற்கு முன், காலக்கணிப்புப் பொழிவின் பதிவையும் தமிழி எழுத்து பற்றிய இரண்டையும் வந்த வரிசையிலேயே கேட்டுவிடுவது நல்லது. பிறகு வரும் எந்த அகழாய்வுப் பேச்சும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துவர விரும்புபவர்கள் கல்வெட்டுப் பொழிவு உள்ள மாதமாகப் பார்த்து வரலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒன்றேகால் மணி நேரமும் உட்கார்ந்து கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அரங்கின் வலப்புறத் தூண் பின்வரிசைகளுக்குத் திரையை மறைக்கும். வரைபடமும் அடுக்குப் படமும் முக்கியமான பொழிவுகளுக்குச் சற்று முன்னதாக வந்து இடப்புறம், நான்காம் வரிசைக்குள் இடம்பிடித்துக்கொள்ளுங்கள்.