தமிழ் மென்பொருள் கையேட்டுக்குச் சக ரிவியூ: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

திருகோணமலையில் கணக்கு, பதிவேட்டு மென்பொருள்களுக்கான எங்கள் தமிழ்க் கையேடு கிட் களஞ்சியத்தில் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரி வரியாகப் பதிந்து வைக்கும் கோப்புத் தொகுப்பில்) இருக்கிறது. ஒருவர் எழுதியதை இருவர் பார்த்த பிறகே சேர்ப்போம்; இதுதான் சக ரிவியூ. முறை நல்லது, ஆனால் சில ஏற்பாடுகள் இல்லாமல் பயன் தராது.

கையேட்டை எழுதும் மார்க்டவுணில் (எளிய குறிகளால் தலைப்பு, பட்டியல் போன்றவற்றைக் காட்டும் உரை வடிவில்) ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் எழுதுங்கள். பந்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால் ஒரு சொல்லைத் திருத்தினாலும் பந்தியே மாறியதாகக் கிட் காட்டும்.

அதிகம் படுத்தியது ‘கோப்பு’. ‘கோ’வின் உயிர்க்குறி யூனிகோடில் (கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டில்) ஒரே குறியாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பு (ே), அரவு (ா) என இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் பாதிப் பக்கங்கள் அகப்படாது. ‘திருகோணமலை’க்கும் இதே கதிதான். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியிலிருந்து மாற்றிய பக்கங்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். சேர்க்கும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியாக்கும் யூனிகோடு வடிவுக்கு) மாற்றும் சிறு பைதன் ஸ்கிரிப்ட் (நிரல்) இருந்தால் தீரும்.

சொல்நடையில் மிகப் பெரிய பிழை பொத்தான் பெயரோடு வேற்றுமை உருபை ஒட்டுவது. ‘சேமியை அழுத்துங்கள்’ என்றால் புதியவர் திரையில் ‘சேமியை’ என்றே தேடுவார். ‘சேமி என்பதை அழுத்துங்கள்’ என்று எழுத வேண்டும். திரை ஆங்கிலத்தில் இருந்தால் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது. அடுத்தது ‘பதிவேற்றப்பட வேண்டும்’. யார் பதிவேற்றுவது, பயனரா மென்பொருளா? ‘பதிவேற்றுங்கள்’ அல்லது ‘மென்பொருள் தானே பதிவேற்றும், காத்திருங்கள்’, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். எச்சரிக்கை படிக்கு முன்னால் வரட்டும். அழித்த பிறகு ‘முதலில் நகல் எடுங்கள்’ என்று வாசித்து என்ன பயன்?

இருவரில் ஒருவர் மென்பொருளை அறிந்தவர், மற்றவர் அறியாதவர். இரண்டாமவர் எழுதியவரிடம் எதுவும் கேட்காமல், வாய்விட்டு வாசித்தபடி படிப்படியாகச் செய்து பார்க்க வேண்டும். அவர் கை நிற்கும் வரிதான் திருத்த வேண்டிய வரி. எங்கள் அனுபவத்தில் இந்த இரண்டாவது வாசிப்புக்கு ஈடு எதுவுமில்லை. ‘தெளிவில்லை’ என்ற குறிப்பை ஏற்பதில்லை. மாற்று வாக்கியத்தையும் எழுதித் தர வேண்டும்.

சொல் பற்றிய வாதம் ஒரு தடவையோடு முடியட்டும். இங்கே பாடநூலில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ‘பணிசெயல் முறைமை’ என்று படித்தவருக்கு அதே பொருளுள்ள ‘இயக்குதளம்’ புதிது. முடிவானதைச் சொற்பட்டியலாக அதே களஞ்சியத்தில் வையுங்கள்.

இந்த முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது: யாரும் தொடாத பக்கம் ரிவியூவுக்கே வராது. மென்பொருளில் பொத்தான் இடம் மாறினால் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் பிழையாகிவிடும். ஆகவே பக்கத்தின் தலையில் மென்பொருளின் பதிப்பு எண்ணை எழுதி, புதிய பதிப்பு வந்ததும் பழைய எண் உள்ளவற்றைத் தேடி மீண்டும் செய்து பார்க்கிறோம்.